கீழேயிருந்து மூன்று தட்டு

அக்ராவை அடுத்த தேமா துறைமுகத்துக்கு அந்தக் கப்பல் வந்த காலையில், அதன் துருவைப் பார்த்துவிட்டுக் கடற்பறவைகளே அதன்மேல் உட்கார மறுத்தன. பெயர் கல்லியோப்பி. பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரில் பாதி எழுத்து எப்போதோ கடலில் உதிர்ந்திருந்தது. இழுவைப் படகுகள் அதை முக்கி முனகி எங்கள் உலர்துறைக்குள் தள்ளின. கதவைச் சாத்திக் கடல்நீரை வெளியே இறைத்ததும், கட்டைகளின்மேல் கிழட்டுத் திமிங்கிலம் மாதிரி அது உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டது. இரும்பு சுருங்குகிற சத்தம் என்றார்கள். இருக்கலாம். நான் கேட்டது பெருமூச்சு.

அதன் அடிவயிற்றிலிருந்து ஒரு வாடை வந்தது. அழுகிய கடற்பாசி, பழைய எண்ணெய், அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்று. ஆட்டுத்தோலைத் தீயில் வாட்டுவது போல.

"இது கப்பல் இல்ல அமேர்லே," என்றார் என் கணவர் ஒடார்ட்டே, மூக்கைப் பிடித்துக்கொண்டு. "கடல் மென்னு துப்புன எலும்பு."

அவர் பெயிண்ட் அடிப்பவர். நான் தீப்பொறிக் காவல். வெல்டர்களும் இரும்பு வெட்டுகிறவர்களும் வேலை செய்யும் இடத்தில் ஈரச்சாக்கும் மணல்வாளியும் தண்ணீர்க் குழாயுமாக நின்று, பறக்கிற ஒவ்வொரு பொறியும் எங்கே விழுந்து சாகிறது என்று பார்ப்பது என் வேலை. ஆயிரம் பொறியில் ஒன்று சாகாமல் ஒளிந்துகொள்ளும். அதைக் கண்ணாலேயே பிடித்துவிடுவேன். தேமாவில் என் கண்ணுக்குப் பயப்படாத நெருப்பு இல்லை, புருஷன் உட்பட.

கப்பல் மேலே ஏறிவிட்டால் பெயிண்ட்காரர், வெல்டர், கரண்டுக்காரர், குழாய்க்காரர் எல்லோரும் மாட்டின்மேல் உண்ணி ஏறுவதுபோல ஒரே நேரத்தில் ஏறுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் சாது. கப்பலின் வயிற்றில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பெயிண்ட் அடிப்பவரால் யாருக்கும் கெடுதல் இல்லை. மேல்தளத்தில் டார்ச்சால் இரும்பு வெட்டுகிறவராலும் கெடுதல் இல்லை. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் மேலும் கீழுமாக இருந்துவிட்டால் போதும். மூடிய தொட்டிக்குள் பெயிண்ட் வாசனை என்பது கண்ணுக்குத் தெரியாத பெட்ரோல். மேலேயிருந்து ஒரு பொறி ஓட்டை வழியாக விழுந்தால், உள்ளே இருப்பவருக்கு அலறக்கூட நேரம் இருக்காது.

ஒக்காய்ஜாவுக்கு இருக்கவில்லை.

அவரும் பெயிண்ட்காரர்தான். நாங்கள் கல்யாணம் ஆகி வந்த புதிதில், இதே துறையில் வேறொரு கப்பலின் தொட்டிக்குள் இருந்தார். மேலே ஒருவர் டார்ச்சைப் பற்ற வைத்தார். அவ்வளவுதான். செத்தவர் செய்த தொழிலின் வடிவத்திலேயே சவப்பெட்டி செய்கிற டெஷி ஊர்த் தச்சர்கள், அவருக்குப் பெயிண்ட் டப்பா வடிவத்தில் செய்தார்கள். மஞ்சள் நிறம், வளைந்த கைப்பிடி, கடையில் விற்பது போலவே வட்ட மூடி. ஊரே திரண்டு வந்து, அழுதுகொண்டே அதைப் பாராட்டியது. பெயர் பொறித்த அவருடைய பித்தளை வில்லையையும் உள்ளே வைத்துத்தான் புதைத்தோம். தீயில் கறுத்து, ஒரு ஓரம் உருகி, நாக்கு மாதிரி வளைந்திருந்தது அது. மூடியை எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு பக்கம் எழும்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் தச்சரே அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

இப்படி இன்னொன்று நடக்கக் கூடாது என்பதற்கு எங்களிடம் இரண்டு காவல்கள் இருந்தன.

ஒன்று, வில்லை. தொட்டிக்குள் இறங்குகிறவர் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையைத் தொட்டி வாயருகே இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏறியதும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் ஒரு வில்லை தொங்கினாலும் மேலே நெருப்பு கிடையாது.

இன்னொன்று, தட்டு. டார்ச்சைப் பற்ற வைக்குமுன் மேல்தளத்து இரும்பில் சுத்தியலால் மூன்று தட்டு தட்ட வேண்டும். 'இருக்கியா?' என்று அர்த்தம். கீழே யாராவது இருந்தால் இரண்டு தட்டு தட்டுவார். 'இருக்கேன்.' பதில் வராவிட்டால்தான் நெருப்பு.

ஆனால் ஹோமோவோ அறுவடைத் திருநாளுக்கு முன்னால் சில வாரங்கள் எங்கள் கா மக்களுக்கு மேளத்தடை. விதைத்த சோளம் மண்ணுக்குள் கண் விழிக்கிற நேரம். மேளம், பாட்டு, கொட்டு எதுவும் கூடாது. சர்ச்சில்கூட வெறுங்கையால்தான் அல்லேலூயா. துறையில் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் இதை இரும்புவரை நீட்டிவிட்டார்கள். மூன்று தட்டு, இரண்டு தட்டு என்று தாளத்தோடு தட்டினால் அதுவும் மேளம்தானே? ஆகவே அந்த வாரங்களில் தட்டு கிடையாது, வில்லை மட்டும்தான். ஒக்காய்ஜா செத்ததும் அப்படியொரு வாரத்தில்தான், வில்லையைப் பலகையில் மாட்ட மறந்து.

அதனால்தானோ என்னவோ, அந்த வாரங்களில் மட்டும் அவர் தட்டுவார்.

சிரிக்காதீர்கள். துறையில் இதைக் கேட்காத ஆள் இல்லை. எல்லோரும் வெளியே வந்துவிட்ட காலித் தொட்டிக்குள்ளிருந்து மூன்று தட்டு வரும். முதல் சில வருடங்கள் ஓடிப்போய் இறங்கிப் பார்த்தோம். ஒருமுறைகூட ஒருவரும் இருந்ததில்லை. பிறகு பழகிவிட்டது. தட்டு கேட்டால், அந்த இடத்தில் கொஞ்சம் அக்பெத்தேஷிச் சாராயம் ஊற்றி, "சரிங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு டார்ச்சைப் பற்ற வைப்பார்கள். சாராயமும் எரியும் என்பது யாருக்கும் உறைத்ததில்லை.

உயிருள்ள எவரும் அந்த வாரங்களில் தட்ட மாட்டார். ஆகவே தட்டுவது செத்தவர். இதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

கல்லியோப்பியின் தொட்டியில் வேலை தொடங்கியது அந்த வாரங்களில்தான்.

காலைக் கூட்டத்தைக் கப்பல் மூக்கின் நிழலில் அமெவூதா சார் நடத்தினார். எந்த வேலை எப்போது, எதற்குப் பக்கத்தில் எது கூடாது என்று முடிவு செய்பவர் அவர். கேட்டா என்ற ஊர்க்காரர். எவே இனத்து ஆள் என்பதால் மேளத்தடை அவரைக் கட்டாது. தட்டை நிறுத்தாதீர்கள் என்று வருடா வருடம் கெஞ்சுவார். எங்கள் ஆட்கள் வருடா வருடம் தலையை ஆட்டிவிட்டு நிறுத்துவார்கள்.

"மதியம் வரைக்கும் நடுத்தொட்டில பெயிண்ட்," என்றார். "எல்லாரும் வெளிய வந்தப்புறமும் காத்து ஊதற ப்ளோயர் ஓடிட்டே இருக்கணும். வாசனை அடங்குனதும் நான் மீட்டரோட வருவேன். நான் சரின்னு சொன்ன பிறகுதான் நடுத்தளத்துல நெருப்பு. தவூனி அண்ணே, அதுவரைக்கும் நீங்க வால் பக்கம் வெட்டுங்க."

தவூனி அண்ணன் இரும்பு வெட்டுகிறவர்களின் மேஸ்திரி. வடக்கே தமாலேக்காரர். அவர் இருமினால் எதிர்த் துறைக் கப்பலில் பெயிண்ட் உதிரும்.

"நீங்க சரின்னு சொல்றதுக்குள்ள எனக்குப் பேரப்புள்ள பொறந்துரும் சார்."

"பொறந்தா அவனுக்கும் இதே சட்டம்தான்."

எல்லோரும் சிரித்தோம். ஒடார்ட்டே தன் வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டு, ஒரு காலைத் தொட்டி வாய்க்குள் விட்டபடி என்னைப் பார்த்தார்.

"டெடே கடையில மீன் தலை எனக்கு. சொல்லி வை."

"உள்ள போறப்பவும் தின்கிற நெனப்புதானா?"

"வெளிய வர்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

இறங்கிவிட்டார். தலை மறைந்தது. பிறகு தலைவிளக்கின் வெளிச்சம் மறைந்தது. நல்ல வெயில் நேரம். ஆனாலும் அந்த வட்ட வாய்க்குள் இருந்த இருட்டுக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது.

டெடேயின் கடையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். துறை வாசலில், புளித்த சோளமாவை உருட்டி அவித்த கென்கேயும் பொரித்த மீனும் மிளகாய்த் துவையலும் விற்பாள். அந்த மீனுக்காக மந்திரியே வேலையை விட்டுவிட்டு வெல்டராக வந்துவிடுவார். மதியச் சங்கு ஊதியதும் மீன் தீர்ந்துவிடும் என்பதால், எங்கள் ஆட்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தார்கள். வரிசையில் நிற்க வேண்டாம், வில்லையை டெடேயின் பலகையில் வைத்துவிட்டால் போதும். வில்லை எந்த இடத்தில் இருக்கிறதோ அதுதான் ஆளின் இடம். டெடே ஒவ்வொரு வில்லையாக எடுத்துப் பெயரைக் கூப்பிட்டு மீன் வைப்பாள். சண்டை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. நாங்களே மெச்சிக்கொண்ட நாகரிகம் அது.

சங்கு ஊதியது. துறை முழுக்கக் காலியானது. நான் வால் பக்கம் போய் என் மணல்வாளியை எடுத்துக்கொண்டிருந்தபோது தவூனி அண்ணன் சீக்கிரமே சாப்பிட்டு முடித்து, ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார்.

"வால் பக்கம் கரண்டுக்காரனுங்க கேபிள விரிச்சிப் போட்டிருக்கானுங்க. கால் வைக்க எடமில்ல. வா, நடுத்தளத்துல அந்த உடைஞ்ச கொக்கிய மட்டும் வெட்டி எறிஞ்சிருவோம்."

"நடுத்தளமா? சாரைக் கேட்டீங்களாண்ணே?"

"சார் சாப்பிடுறாரு. ஒரு கொக்கிக்கு ஒரு சாரா? பலகையப் பாரு, ஒரு வில்லையும் இல்ல. எல்லாரும் டெடே கடையில கெடக்காங்க."

பார்த்தேன். தொட்டி வாயருகே பலகை காலி. ஆணிகள் மட்டும் வெயிலில் மின்னின. எனக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. ஈரச்சாக்கை விரித்தேன். தவூனி அண்ணன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு டார்ச்சின் வால்வைத் திருகினார். புஸ்ஸென்று கேஸ் சீறியது. பற்றவைப்பானைத் தூக்கினார்.

டங். டங். டங்.

காலுக்குக் கீழே.

அண்ணனின் கை அப்படியே நின்றது. வால்வை மூடினார். சீற்றம் அடங்கியது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. துறை அமைதியாக இருந்தது. மிக அமைதியாக. வெயிலில் ஏதோ தகடு சூடாகிற 'டிக் டிக்'கூடக் கேட்டது.

"ஆரம்பிச்சிட்டாரு பெரியவரு," என்றார் தவூனி அண்ணன். ஆனால் குரல் தாழ்ந்திருந்தது. அந்தக் குரல் தாழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எங்க உன் குப்பி?"

இடுப்பு முடிச்சிலிருந்து அக்பெத்தேஷியை எடுத்து, சத்தம் வந்த இடத்தில் கொஞ்சம் ஊற்றினேன். இரும்பு அதைக் குடித்தது போல ஒரு நொடியில் காய்ந்தது. "சரிங்க பெரியவரே," என்றேன். "உங்களுக்குத்தான். விட்டுருங்க."

டங். டங். டங்.

பிறகு, தூரத்தில், மிக மெல்ல:

டங்.

நான் குனிந்து காதைத் தளத்தருகே கொண்டுபோனேன்.

இன்னும் மெல்ல:

டங்.

மூன்றுக்கு இரண்டு. கேள்விக்குப் பதில். இத்தனை வருடத்தில் மூன்றைக் கேட்டிருக்கிறோம். இரண்டை ஒருவரும் கேட்டதில்லை. அதைவிட, அந்த இரண்டு தட்டுக்கு நடுவே இருந்த இடைவெளி. உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படித் தட்டுவார். வீட்டுக் கதவில் முதல் தட்டு தட்டிவிட்டு, இரண்டாவது தட்டுக்கு அவர் கை எழும்புவதற்குள் நான் எழுந்து, விளக்கேற்றி, கென்கேயைச் சூடாக்கி, கதவையும் திறந்திருப்பேன். அப்பேர்ப்பட்ட சோம்பேறித் தட்டு.

"அண்ணே, அது ஒடார்ட்டே."

"உளறாத. அவன் வில்லைய டெடே கடையில என் கண்ணால பாத்தேன். நாலாவது எடத்துல கெடந்துச்சு. மீன் தலைகூட வச்சிருந்தா."

"வில்லையப் பாத்தீங்க. ஆளப் பாத்தீங்களா?"

தவூனி அண்ணன் காலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

டங். டங். டங்.

"சொல்லுங்கண்ணே. அந்தாளு பல்லு தெரிய சிரிச்சுக்கிட்டு அங்க நின்னாரா? மீன் தலைய வச்சுக்கிட்டு என் புருஷன் எங்கயாவது சும்மா நிப்பாரா?"

டங்.

டங்.

அண்ணன் டார்ச்சைக் கீழே வைத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல வைத்தார். பிறகு குழாயை மூடி, கப்பலின் ஓரத்துக்குப் போய் ஒரே ஒரு கத்து கத்தினார். அக்ரா வரைக்கும் கேட்டிருக்கும்.

"எல்லாத்தையும் நிறுத்துங்கடா!"

அமெவூதா சார் கையில் சோற்றோடு ஓடிவந்தார். பின்னாலேயே சூரு வந்தான். தொட்டி வாயில் காவல் இருக்க வேண்டியவன் அவன்தான். கை நிறைய, டெடே கடையிலிருந்து திருப்பி அள்ளிய வில்லைகள்.

"ஒடார்ட்டே எங்கடா?" என்றார் சார்.

"இங்கதான் சார்... நான் எல்லார் வில்லையும் அள்ளிட்டுப் போனேன்... மூலை ஒண்ணு பாக்கி இருக்கு, நீ போய் வரிசையில போடு, பின்னாலயே வரேன்னாரு..." தொட்டி வாய்க்குள் எட்டிப் பார்த்தான். "வரலியா?"

அமெவூதா சார் தொட்டிக்குள் போகும் பருத்த காற்றுக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தொய்ந்து, செத்த மலைப்பாம்பு மாதிரி தரையில் கிடந்தது.

"ப்ளோயரை நிறுத்தினது யாரு?"

கரண்டுக்காரர்கள்தான். கேபிள் மாற்ற மின்சாரத்தை அணைத்திருந்தார்கள். அதற்கு முன் அவர்களும் பலகையைப் பார்த்திருந்தார்கள். காலி. ஆளில்லாத தொட்டிக்குக் காற்று எதற்கு?

கேபிள் விரிந்ததால் தவூனி அண்ணன் நடுத்தளத்துக்கு வந்தார். கேபிள் மாறியதால் ப்ளோயர் நின்றது. மீன் தீர்ந்துவிடும் என்பதால் வில்லை பலகையை விட்டுப் போனது. எங்களில் ஒருவரும் தப்பான ஆள் இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து என் புருஷனுக்கு ஒரு பெயிண்ட் டப்பா செய்துகொண்டிருந்தோம்.

"பொறி வர்ற எதுவும் கப்பல்ல அசையக் கூடாது," என்றார் சார். "போனை அணைங்க. அந்தப் பக்கம் மின்சாரத்த எவனும் தொடாதீங்க. கரையில இருக்கற கம்ப்ரசர்லேருந்து காத்துக் குழாய இழுங்க."

மூச்சுக் கருவி இரண்டுதான் இருந்தது. ஒன்றை அவர் மாட்டிக்கொண்டார். இன்னொன்றைத் தவூனி அண்ணன் யாரையும் கேட்காமல் எடுத்தார். ஆணி அடித்த பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு இறங்கினார்.

நான் தொட்டி வாயருகே குப்புறப் படுத்துக்கொண்டேன். தலையைச் சுற்ற வைக்கும் பெயிண்ட் வாசனை. அதற்கு அடியில் அந்த வாட்டிய தோல் வாடை. கப்பல் வந்த அன்று முகர்ந்த அதே வாடை.

டங். டங். டங்.

காத்திருந்தேன்.

டங்.

காத்திருந்தேன். கென்கே அவிந்து ஆறியிருக்கும் நேரம்.

டங்.

"அவருதான்," என்றேன் சூருவிடம். அவன் அழுதுகொண்டிருந்தான்.

டங். டங். டங்.

காத்திருந்தேன்.

டங். டங். டங்.

பதில் இல்லை.

டங். டங். டங்.

இல்லை.

மேளத்தடையாவது மண்ணாவது. கையை மடக்கி என் முகத்துக்கு அருகில் இருந்த இரும்பில் நானே தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் முட்டியில் தோல் கிழிந்தது.

டங், டங்.

பதில் வந்தது. சட்டென்று, இடைவெளியே இல்லாமல். தூரத்து மூலையிலிருந்து அல்ல.

என் உள்ளங்கைக்கு நேர் கீழே.

இரும்பின் அந்தப் பக்கம் என் கையோடு கை வைத்தது போல. வெயிலில் காய்ந்த தகடு அந்த ஒரு இடத்தில் மட்டும் இன்னும் சூடாகிக்கொண்டே வந்தது. கையை எடுக்க நினைத்தேன். எடுக்க முடியவில்லை. எடுத்தால் ஒடார்ட்டேயை விட்டுவிடுவேன் என்று ஏனோ பட்டது.

"இருக்கீங்களா பெரியவரே," என்றேன், எனக்கே கேட்காத குரலில். "அவரை அனுப்பிருங்க. உங்களுக்கு என்ன வேணுமோ நான் தரேன்."

இப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. அவசரத்தில் வந்துவிட்டது.

சூடு தணிந்தது.

உள்ளே எங்கோ தவூனி அண்ணனின் குரல் முகமூடிக்குள் முழங்கியது. கயிறு இழுபட்டது. எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். முதலில் ஒரு தலை வந்தது, சாம்பல் நிறத்தில், உதடு நீலமாக. காற்றோட்டத்தில் கிடத்தி, தண்ணீர் தெளித்து, ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு நூறு வருடம் கழித்து அவர் இருமினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"மீன் தலை?" என்றார்.

ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகுதான் அழுதேன்.

அமெவூதா சார் இதற்கெல்லாம் நிற்கவில்லை. தொட்டி வாயருகே உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி தவூனி அண்ணனைக் கேட்டார். "உள்ள எத்தனை பேரு?"

"ஒருத்தன்தான் சார். நீங்களும்தானே பாத்தீங்க."

"நான் கேட்டது ரெண்டு பேரை. நாம அவன்கிட்ட போனப்ப அவனுக்கு நெனவு இல்ல. சுத்தியல் அவன் கைக்கு எட்டாத தூரத்துல கெடந்துச்சு." முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆளு கணக்கு சரியாகாம நான் இந்தத் தொட்டிய மூட மாட்டேன்."

தனியாக இறங்கினார். அரைமணியோ அரைநாளோ, எனக்குத் தெரியாது. ஏறி வந்தபோது அவர் முகம் பெயிண்ட் போடாத இரும்பு மாதிரி இருந்தது.

"ஒருத்தரும் இல்ல," என்றார். பிறகு தவூனி அண்ணனை மட்டும் தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னார். எனக்குக் காது நீளம். கேட்டுவிட்டேன்.

ஒடார்ட்டே விழுந்து கிடந்த மூலையைச் சுற்றிலும் தரையில் ஈரப் பெயிண்ட். அதில் காலடித் தடங்கள்: ஒடார்ட்டேயின் பூட்ஸ், சாரின் பூட்ஸ், தவூனி அண்ணனின் வெறுங்கால். வேறு தடம் இல்லை. ஆனால் ஒடார்ட்டேயின் தலை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், புதிதாக அடித்த சுவரில், ஒருவர் சாய்ந்து உட்கார்ந்த முதுகின் அச்சு. கீழே நீட்டிய இரண்டு காலின் அச்சு. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் ஈரமாக இல்லை. பொரிந்திருந்தது.

அந்தச் சுவருக்குப் பத்துத் தடவை பெயிண்ட் அடித்தார்கள். சரி, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் காலையில் அது பொரிந்திருந்தது. கடைசியில் அப்படியே மூடிக் கப்பலை அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒடார்ட்டே சொன்னது இவ்வளவுதான். "தூக்கமா வந்துச்சு அமேர்லே. நல்ல தூக்கம். ஒருத்தன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு 'இருக்கியா, இருக்கியா'ன்னு தட்டிட்டே இருந்தான். தூங்க விடல பாவி. எரிச்சல்ல நானும் 'இருக்கேன்'னு தட்டுனேன். கடைசில அவனே சுத்தியல வாங்கிக்கிட்டு, 'நீ தூங்கு, இனி நான் தட்டுறேன்'னான். அவன் கை சுட்டுச்சு."

அமெவூதா சார் அந்த வாரமே காணிக்கையாக ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயத்தோடு எங்கள் கோயில் பூசாரியைப் போய்ப் பார்த்தார். இரும்பில் தட்டுவது மேளமா என்று கேட்டார். பூசாரி சிரித்துவிட்டார். "மேளம் கொட்டாதீங்கன்னுதான் சொன்னோம். ஒரு மனுஷன் உயிரோட இருக்கானான்னு கேக்காதீங்கன்னு எவன்டா சொன்னான்?" என்றாராம். இத்தனை வருடமாக எங்களில் ஒருவரும் அதை அவரிடம் கேட்டதே இல்லை. அதன் பிறகு எல்லா வாரமும் தட்டினோம். டெடே கடை வரிசைக்கு, வில்லைக்குப் பதிலாக, செருப்பை வைக்கச் சொன்னார்கள். டெடே துடைப்பத்தோடு துரத்தினாள். அது வேறு கதை.

தட்டத் தொடங்கியதும் காலித் தொட்டியில் மூன்று தட்டு நின்றுபோனது. ஒக்காய்ஜா நிம்மதியாகப் போய்விட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது நாங்கள் இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. போகும்போது வில்லைகளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பழக்கம் விடவில்லை. அடுப்பைப் பற்ற வைக்குமுன் கேஸ் சிலிண்டரில் கரண்டியால் மூன்று முறை தட்டுவேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கும்.

சென்ற வாரம் இந்த வருட மேளத்தடை தொடங்கியது. ஒரு மதியம், ஒடார்ட்டே உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதோ நினைவில் தட்ட மறந்து தீக்குச்சியைப் பெட்டியில் உரசப் போனேன்.

டங். டங். டங்.

சிலிண்டருக்குள்ளிருந்து.

குறட்டை நின்றது. உள்ளறையில், இரும்புக் கட்டிலில்:

டங்.

அடுப்படியில் நான் தீக்குச்சியோடு நின்றேன். உங்களுக்குத்தான் தெரியுமே, எவ்வளவு நேரம் என்று.

டங்.

தீக்குச்சியைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு ஒடார்ட்டே நல்ல தூக்கத்தில் இருந்தார். மடக்கிய விரல் மட்டும் கட்டில் கம்பியில் ஒட்டியிருந்தது.

அன்றிலிருந்து அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. சாப்பாடு டெடேயின் கடையில். அவளும் கிழவியாகிவிட்டாள், ஆனாலும் மீன் அதே மீன்தான். துறைக்காரர்கள் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் இருவருக்கு மட்டும், பழைய பாசத்தில், வில்லைக்கு இடம் உண்டு.

நேற்று எங்கள் வில்லைகளைப் பலகையில் வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தேன். டெடே பெயர் கூப்பிட்டாள். "அமேர்லே!" போய் வாங்கினேன். "ஒடார்ட்டே!" அதையும் வாங்கினேன். மீன் தலையோடு.

திரும்பி நடந்தேன்.

"ஏ அக்கா," என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். "மூணாவது யாருக்கு? பேரு படிக்க முடியலையே. ஒரே கரியா இருக்கு."

அவள் உள்ளங்கையில் ஒரு வில்லை. கறுத்திருந்தது. ஒரு ஓரம் உருகி, நாக்கு மாதிரி வளைந்திருந்தது.

"ச்சீ, என்னா சூடு!" என்று அதைப் பலகையில் போட்டாள்.

மூன்றாவது மீனையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்ய? வாக்குக் கொடுத்தது நான்தானே.